பாம்பு சட்டை கழற்றும் வேளை



இங்கிலாந்தில் குடியேறி வாழும் நம் ஊர்க் குடும்பத்தார் இத்திங்கள் நமக்கு ஒரு மடல் விடுத்துள்ளனர். அவர்தம் மகன், அமெரிக்க நாட்டைப் பிறப்பிடமாகக் கொண்ட நஞ்சில்லாக் கார்ன் பாம்பு ஒன்றை, அந்நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டு வளர்த்து வருகின்றானாம். அஃது இம்முறை சட்டையை முழுவதும் கழற்றவில்லை. வால் நுனியிலும் ஒரு கண்ணிலும் பழந்தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையால் உரித்துவிடலாமா என்பது அவர்கள் வினா. புகைவண்டி நிலையத்தில் கணக்கெழுதும் நாம் பாம்பு மருத்துவர் அல்லோம். ஆயினும் அறிந்தோர்பால் கற்றதைக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். உரிக்கலாகாது என்பதே முதல் விடை.

பாம்பு வளருந்தோறும் அதன் மேல்தோல் உடன் வளர்வதில்லை. ஆதலின் அடியில் புதுத்தோல் உருவாகிப் பழந்தோல் கழல்கிறது. இளம்பாம்பு அடிக்கடியும், வளர்ந்த பாம்பு ஆண்டிற்குச் சில முறையும் சட்டை கழற்றும். அதற்குச் சில நாள் முன்னர் உடல் மங்கும். கண்கள் பால் படர்ந்தாற்போல் வெளிறும். இரு தோல்களுக்கும் இடையே நீர் ஊறுவதே அதற்குக் காரணம். பின்னர்க் கண் தெளியும். தெளிந்த சில நாட்களில் பாம்பு தன் மூக்கைச் சொரசொரப்பான கல்லிலோ கட்டையிலோ தேய்த்து உதட்டருகே தோலைப் பிரித்து, காலுறையைக் கழற்றுவது போல் உட்புறம் வெளியாக உருவிவிட்டுச் செல்லும்.

பாம்பிற்கு இமை இல்லை. கண்ணைக் காப்பது கண்ணாடி போன்ற ஒரு செதில். சட்டையோடு அச்செதிலும் கழன்று வருதல் வேண்டும். ஆகவே உரிந்த சட்டையை எடுத்துத் தலைப்பகுதியில் இரண்டு கண்வட்டங்களும் உள்ளனவா, வால் நுனி முழுமையாக உள்ளதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தல் நன்று.

சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து ஒட்டுவதற்குப் பெரும்பாலும் காற்றின் வறட்சியே காரணம். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடேற்றும் கருவிகள் காற்றிலுள்ள ஈரத்தைக் குறைத்துவிடுகின்றன. உண்ணிகள், பழைய காயம், ஊட்டக் குறைவு ஆகியவையும் காரணமாகலாம். செய்யத்தக்கவை இவை: குடிநீர்த் தொட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும். மூடியுள்ள சிறு பெட்டியில் துளையிட்டு, உள்ளே ஈரத்துணி இட்டு வையுங்கள். பாம்பு தானே புகுந்து கிடக்கும். உரசுவதற்குக் கரடான கட்டை ஒன்று வேண்டும். கண் மங்கிய நாட்களில் கையில் எடுக்காதீர்கள். இரையும் கொடுக்க வேண்டா. அப்போது அதற்குப் பார்வை குன்றியிருத்தலின் அஞ்சிக் கடிக்கவும் கூடும்.

பின்னரும் தோல் ஒட்டியிருப்பின், வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் அரைமணி நேரம் விட்டு, அருகிருந்து காத்து, அதன்பின் ஈரத்துணியின் மடிப்புகளிடையே அதுவாகவே ஊர்ந்து செல்ல விடுங்கள். வால் நுனியில் வளையமாகத் தங்கிய தோலைப் புறக்கணிக்கலாகாது. அது காய்ந்து இறுகிக் குருதியோட்டத்தைத் தடுக்கும். நுனி கறுத்து உதிர்ந்துவிடும். கண்ணில் ஒட்டியதையோ நகத்தாலும் இடுக்கியாலும் தொடவே கூடாது. அடுத்த முறை அது தானே கழல்வதும் உண்டு. கழலாவிடில் பாம்புகளை அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுக. அடியிலுள்ள புதுச்செதிலைப் பெயர்த்துவிட்டால் கண்ணே போய்விடும். பாம்பைத் தொட்டபின் சிறுவர்கள் சோப்பிட்டுக் கைகழுவுதலும் இன்றியமையாதது; அதன் உடலில் வயிற்றுநோய்க் கிருமிகள் இருக்கக்கூடும்.

இம்மடலைப் படிக்கும் நம் நாட்டுச் சிறுவர்கள் தாமும் ஒரு பாம்பு வளர்க்க விழைவராயின், பெற்றோர் தடுத்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டு நாகம் முதலியவற்றைப் பிடித்து வளர்ப்பது குற்றம். பாம்பாட்டியின் கூடையில் நீரின்றி வாடும் நாகம் பாலைக் குடிப்பது பக்தியால் அன்று, தாகத்தால். அவ்வாறு வாட்டப்படும் உயிர் சட்டையைச் செவ்வனே கழற்றுவது எங்ஙனம்?

முறையோடு பாம்பைக் கையாளுவோரும் உளர். தோல் வாணிகத்திற்காகப் பாம்பு பிடித்து வந்த இருளர் மக்கள், அவ்வாணிகம் தடைபட்டபின், 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் மண்பானைகளில் சில வாரம் வைத்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. விடுமுன் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இடுவர். சிலமுறை சட்டை கழன்றபின் அது மறைந்துபோம். அதுவரை அப்பாம்பு மீண்டும் அகப்பட்டாலும் அதனிடம் நஞ்சு எடுப்பதில்லை. கணக்கெழுதும் நமக்கு இப்பதிவேடு மிகவும் பிடித்துப்போயிற்று! அம்மக்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இனி, நம் தங்கவயல் வாசகர்களுக்கு ஒரு சொல். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் புதர் மண்டிய இடங்கள் நம்மைச் சுற்றிப் பல. விறகுக் குவியலிலோ ஓட்டு இடுக்கிலோ பாம்புச்சட்டை கிடக்கக் கண்டால் நடுங்க வேண்டா. பாம்பு அவ்வழி வந்தது என்பதே அதன் பொருள். எலிவளைகளை அடையுங்கள், குப்பையை அகற்றுங்கள், இரவில் விளக்கின்றி நடவாதீர்கள். கண் வெளிறி அசையாது கிடக்கும் பாம்பு கண்ணில் பட்டால், நோயுற்றதென்றோ செத்ததென்றோ எண்ணிக் கோலால் தீண்டாதீர்கள். பிள்ளைகளை விலக்கி, வனத்துறையினருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இங்கிலாந்து வாழ் தம்பிக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே: ஈரத்துணியும் நீரும் வைத்துவிட்டுப் பொறுத்திரு, கண்ணுக்கு மருத்துவரை நாடு. உரிந்த சட்டையில் இரு கண்வட்டங்களும் கண்டபின் நமக்கு எழுது.