எங்களிடம் எழுத்துக் கேளுங்கள்

ஊர் உறவுகளுக்கு,

மானிப்பாயிலும் சண்டிலிப்பாயிலும் தீவகத்திலும் ஆளில்லாமல் கிடக்கும் எங்கள் வளவுகளை இத்தனை காலமும் பார்த்து வருபவர்கள் நீங்கள். வேலி அடைப்பதும் கிணறு இறைப்பதும் பற்றை வெட்டுவதும் உங்கள் கைகள்தான். இதில் பெரும்பகுதி வாய்ப்பேச்சில் நடக்கிறது. இனிமேல் எங்களிடம் எழுத்துக் கேளுங்கள் என்று சொல்லவே இந்த மடல். குடியிருக்க வீடு தந்தாலும் தோட்டம் செய்யத் தறை தந்தாலும், தருகிறவரின் கையெழுத்து இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, வாடகையோ விளைவில் பங்கோ கொடுக்காமல், உரித்தாளரை ஏற்றுக்கொள்ளாமல், ஒருவர் பத்து வருடம் இடையறாது ஒரு காணியை ஆண்டால் அதற்கு உரித்துக் கோரலாம். வாய்ப்பேச்சில் தொடங்கிய குடியிருப்பு இங்கேதான் சிக்கலாகிறது. கேட்டுத்தான் இருந்தோம் என்று முதல் தலைமுறை சொல்லும். அடுத்த தலைமுறைக்கு அது தெரியாது. சாட்சி சொல்ல வேண்டியவர் அதற்குள் கண்மூடியிருப்பார். போர்க்காலத்துக்கு விலக்கு உண்டே என்பார்கள். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது உண்மை. ஆனால் வழக்குத் தொடர அது தந்த அவகாசம் இரண்டு வருடம்தான். 2009க்குப் பிறகு ஓடிய வருடங்களுக்கு அந்த நிழலும் இல்லை.

எழுதிக் கொடுத்தால் காணி கைமாறிவிடும் என்ற பயம்தான் எங்கள் ஆட்களை மறிக்கிறது. சட்டம் இதற்கு மறுவளமாக இருக்கிறது. அனுமதியோடு உள்ளே வந்தவர் என்று எழுத்தில் இருந்தால், அவர் எத்தனை வருடம் இருந்தாலும் உரித்தாளரை ஏற்றுக்கொண்டவராகவே நிற்பார். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குத் தரும் பாதுகாப்பை நினைத்து வீட்டுக்காரர் தயங்குவதில் நியாயம் உண்டு; அதனால்தான் எழுத்தை நொத்தாரிசு பார்த்து எழுத வேண்டும். உங்களுக்கும் அதே கடதாசி காவல். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை ஒருநாள் திடீரென்று காணியை விற்க வந்தால், தோட்டத்தில் நட்ட வெங்காயத்தோடு நீங்கள் தெருவில் நிற்க வேண்டி வராது.

கடதாசி எவ்வளவு அவசரம் என்பதை 2025 மார்ச் 28 வர்த்தமானி காட்டியது. வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரித்தை நிரூபிக்கும்படி அது கேட்டது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால் ஆபத்து விலகியது. அந்த மூன்று மாதத்தில் உறுதியைத் தேடி ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் எத்தனை வீடுகள் அழைப்பு எடுத்திருக்கும்!

அற்றோணித் தத்துவம் இருக்கிறது என்று ஆறுதல்படுவதும் போதாது. கொடுத்தவர் இறந்த அன்றே அது செல்லுபடியற்றுப் போகும். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் பிரிந்தோ தொலைந்தோ இருந்தால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பங்காளியைக் கேட்காமல் விற்றால் 1947ஆம் ஆண்டின் முன்கொள்வனவுச் சட்டம் வழக்காக வரும். நாங்கள் உயிரோடு இருக்கையிலேயே இவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும். எங்கள் சோம்பலைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த அழைப்பில் சுகம் விசாரித்த பிறகு, உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், அனுமதிக் கடிதம் மூன்றையும் கேளுங்கள். தராதவரின் வேலியை அடைக்காதீர்கள்.

அன்புடன்,
கடல் கடந்த உங்கள் ஊரவர்