மீதி 23 மணி நேரம்

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு வெளியே, பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் நடைபாதையில் போர்வை விரித்துக் காத்துக் கிடக்கின்றன. அவர்களில் சிலரிடம் ஒருநாள், 'இனி குணமாக்க வழியில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்' என்று சொல்லப்படும். அதன் பிறகு தேவைப்படுவது பாலியேட்டிவ் கேர் எனப்படும் வலி தணிப்புப் பராமரிப்பு. உலகில் அது தேவைப்படுவோரில் ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்கே கிடைப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தில்லியில் ஹர்மாலா குப்தா தொடங்கிய கேன்சப்போர்ட், மருத்துவரும் செவிலியரும் ஆலோசகரும் சேர்ந்த குழுக்களைப் புற்றுநோயாளிகளின் வீடுகளுக்கே இலவசமாக அனுப்புகிறது. சப்தர்ஜங் என்கிளேவில் இறுதிக்கட்டப் புற்றுநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் சாந்தி அவேத்னா சதன் இருக்கிறது. ஆனாலும், வீட்டுக்கு வரும் மருத்துவக் குழு ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனால், அன்றைய மீதி 23 மணி நேரம் பெரும்பாலும் ஒரே ஒரு மனைவியின் அல்லது மகளின் தலையில் விழுகிறது. தேவாலயக் குழுக்கள் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

கோவில் பங்குகளில் அன்பியங்கள் எனும் சிறு குழுக்களும் ஜெபக்குழுக்களும் தெருவாரியாக ஏற்கெனவே இருக்கின்றன. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பழங்கள் வைத்து, ஜெபித்து, பத்து நிமிடத்தில் திரும்பும் அந்தச் சந்திப்பை முறை வைத்துச் செய்யும் பணியாக மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். கேரளத்தில் மலப்புறம் பகுதியில் வளர்ந்த அண்டைவீட்டார் வலைப்பின்னல் இதற்கு நல்ல முன்மாதிரி. வாரம் இரண்டு மணி நேரமாவது தர முடிந்த சாதாரண மக்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்துத்தான் நோயாளியிடம் அனுப்பினார்கள். வறண்ட உதட்டை ஈரப் பஞ்சால் நனைப்பது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, நின்றபடி பேசாமல் நோயாளியின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து பேசுவது போன்றவை யாரும் கற்றுக்கொள்ளக்கூடியவை. அந்த இரண்டு மணி நேரத்தில் மனைவி குளிப்பார், ரேஷன் கடைக்குப் போவார், அல்லது வெறுமனே தூங்குவார்.

நோயைச் சாக்கிட்டு மதம் மாற்ற வருகிறார்கள் என்ற சந்தேகம் எழும். அதைப் புறந்தள்ளக் கூடாது. சாகக் கிடப்பவருக்கு மறுத்துப் பேசவும் தெம்பு இருக்காது. எனவே குழுவுக்கு விதி வேண்டும்: நோயாளி கேட்காமல் ஜெபம் இல்லை. அவர் அனுமன் சாலிசா கேட்க விரும்பினால், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து வருவதும் குழுவின் வேலை. மத்தேயு 25-ஆம் அதிகாரம் நோயுற்றோரைச் சந்திப்பதைப் பேசும்போது அவர்களின் மதத்தைக் கேட்பதில்லை. இன்னொரு மறுப்பு, இது அரசின் கடமை என்பது. உண்மைதான். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் எட்டாக்கனியாயிருந்த, வலி தணிக்கும் மார்ஃபினுக்கு வழிவிட 2014-இல் திருத்தம் வந்தது; அதை நோயாளியின் கைக்குக் கொண்டுசேர்க்க வேண்டியது அரசும் மருத்துவர்களும்தான். தொண்டர் மாத்திரை தர முடியாது. ஆனால் நேற்றைவிட இன்று வலி கூடியிருப்பதைக் கவனித்து, மருத்துவக் குழுவுக்கு உடனே போன் செய்ய முடியும். அரசு செய்ய வேண்டியதைக் கேட்டு வாங்கும் குரலும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கே வலுவாக எழும். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வாசிக்கும் அறிவிப்புகளில், இந்த வாரம் எந்த வீட்டுக்கு யாருடைய முறை என்பதையும் அதற்குப் பொறுப்பானவரின் பெயரையும் சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.