ஹேம்ஸ்டருக்கும் முதலுதவி தெரிந்திருக்கட்டும்

நூறு கிராம் எடையுள்ள ஹேம்ஸ்டரின் உடலில் ஏறத்தாழ 8 மில்லிலிட்டர் ரத்தம்தான் உள்ளது. இரண்டு தேக்கரண்டிகூட நிரம்பாது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் ஒன்றரை மில்லிலிட்டர் வெளியேறினாலே அதன் உயிருக்கு ஆபத்து. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கும் கால் லிட்டர் ரத்தம்தான் இருக்கும். நம் கண்ணுக்குச் சிறு கறையாகத் தெரிவது அவற்றுக்குப் பெரிய இழப்பு.

சிங்கப்பூரில் நாய், பூனை வளர்க்க உரிமம் வேண்டும். முதன்முறை உரிமம் பெறுவோர் இணையவழிப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள்வரை வளர்க்க அனுமதி கிடைத்தபோது, பூனை வளர்ப்போருக்கும் இவ்விதி வந்தது. ஆனால் ஹேம்ஸ்டர், முயல், கினிப் பன்றி வளர்க்க உரிமம் தேவையில்லை, பாடமும் இல்லை. புக்கிட் மேரா போன்ற வட்டாரங்களின் அடுக்குமாடி வீடுகளில், பிள்ளைகள் கெஞ்சும்போது பெற்றோர் எளிதில் சம்மதிப்பது இத்தகைய கூண்டுப் பிராணிகளுக்குத்தான். ஆக, மிகக் குறைந்த ரத்தம் உள்ள பிராணிகளை வளர்ப்போருக்குக் கட்டாயப் பயிற்சி எதுவுமே இல்லை. புதிய விதி வரட்டும் என்று காத்திராமல், இந்தக் குறையை மாணவர்களே சரிசெய்யலாம்.

கற்க வேண்டியது அதிகமில்லை. காயமடைந்த பிராணி வலியில் கடிக்கும். எனவே, முதலில் அதைத் துண்டில் மெதுவாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும். மார்பை இறுக்கினால் மூச்சுத் திணறும். சுத்தமான துணியைக் காயத்தின்மீது வைத்து, ஐந்து நிமிடம் விடாமல் மிதமாக அழுத்த வேண்டும். ரத்தம் நின்றதா என்று இடையிடையே துணியை எடுத்துப் பார்ப்பதே பலர் செய்யும் தவறு. அப்போது உறையத் தொடங்கிய ரத்தம் மீண்டும் கசியும். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்றை வைக்கலாம். குத்தியிருக்கும் பொருளைப் பிடுங்கக்கூடாது. நகம் வெட்டும்போது கசியும் ரத்தத்தைச் சோளமாவை அழுத்தி நிறுத்தலாம்.

மஞ்சள்தூளும் காப்பித்தூளும் நம் வீடுகளில் பழகிய கைவைத்தியம். திறந்த காயத்தில் அவற்றைத் தூவினால், மருத்துவர் காயத்தைச் சுத்தம் செய்வது கடினமாகும். வலிக்கிறதே என்று பரிதாபப்பட்டுப் பூனைக்குப் பாராசிட்டமோல் கொடுத்தால் அதுவே உயிரைப் பறித்துவிடும்.

“இதற்குத்தான் விலங்கு மருத்துவர் இருக்கிறாரே” என்று சிலர் கேட்கலாம். இருக்கிறார்; ஆனால் அவரிடம் போய்ச் சேரும்வரை ரத்தம் காத்திருக்காது. பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் செல்லப்பிராணிகளுக்கு அனுமதியில்லை. எல்லா மருந்தகங்களும் முயலுக்கோ ஹேம்ஸ்டருக்கோ சிகிச்சை அளிப்பதில்லை. நள்ளிரவில் இதையெல்லாம் தேடுவதைவிட, நம் பிராணிக்குச் சிகிச்சை தரும் மருந்தகத்தின் எண்ணையும், இரவிலும் திறந்திருக்கும் ஒரு மருந்தகத்தின் எண்ணையும், செல்லப்பிராணியை ஏற்றிச் செல்லும் வாடகை வாகனச் சேவையையும் இன்றே கைப்பேசியில் குறித்து வைக்கலாம். ஈறு வெளுத்திருந்தாலோ, ஐந்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, பிராணி துவண்டு கிடந்தாலோ உடனே புறப்பட வேண்டும். போகும் வழியிலும் அழுத்தத்தை விடக்கூடாது.

பள்ளி முதலுதவி வகுப்புகளிலும் சமூக மன்றப் பயிற்சிகளிலும் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். காயத்தை அழுத்திப் பிடிக்கும் இதே திறன் தாத்தா பாட்டியின் கையில் வெட்டுக்காயம் பட்டாலும் உதவும்.

தீனியும் கூண்டும் பெற்றோர் வாங்கித் தருவார்கள். ஆனால் பள்ளி முடிந்து நாம் மட்டும் வீட்டில் இருக்கும் நேரத்தில் காயம் பட்டால், அந்த முதல் ஐந்து நிமிடம் நம் கையில்தான் இருக்கிறது. பிராணியைக் கேட்டு வாங்கியவர் அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.