ஆவடிக்கு அந்தஸ்து வந்தது, அதிகாரம் எப்போது?

அம்பத்தூரில் வீடு வைத்திருப்பவர் சொத்து வரியைப் பெருநகரச் சென்னை மாநகராட்சிக்குக் கட்டுகிறார். குடிநீர், கழிவுநீர் வரியைச் சென்னைக் குடிநீர் வாரியத்துக்குத் தனியாகக் கட்டுகிறார். வீட்டில் திருட்டுப் போனால் அவர் போகும் காவல் நிலையம், 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தைச் சேர்ந்தது. மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களிப்பது ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில். 2011-ல் ஊர் மாநகராட்சியோடு இணைந்த பிறகும், 2018 வரை பட்டா வேலையாக அவர் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்தையே நாட வேண்டியிருந்தது.

ஓர் ஊருக்குள் பல எல்லைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது உலகெங்கும் உள்ளதுதான். ஆனால், ஒவ்வோர் எல்லைக்குள்ளும் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். சென்னையின் மேற்குப் புறநகர்களில் அது தெளிவாக இல்லை.

கொரட்டூர் ஏரியைப் பாருங்கள். அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் இதில் இறங்கித்தான் ரெட்டேரிக்குப் போக வேண்டும். மழை வலுத்ததும் மழைநீர்க் கால்வாயில் வீட்டுச் சாக்கடையும் தொழிற்பேட்டைக் கழிவும் சேர்ந்து ஏரிக்குள் பாய்வதாகப் பல ஆண்டுகளாகப் புகார். கரையில் குடியிருப்பவர் யாரிடம் முறையிடுவார்? ஏரி நீர்வளத் துறையிடம். மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். சாக்கடை குடிநீர் வாரியத்திடம். ஆலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். ஒவ்வோர் அலுவலகத்திலும் கேட்பது ஒரே பதில்: “இது எங்க லிமிட் இல்ல சார்.” கடைசியில் மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியதாயிற்று. வார்டு கவுன்சிலர் தீர்த்துவைத்திருக்க வேண்டிய விவகாரம் அது. ஆனால், அந்த அலுவலகங்களில் பெரும்பாலானவை கவுன்சிலருக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

அமெரிக்கா சொல்லும் பாடம்

அமெரிக்காவில் எல்லைகள் இதைவிடச் சிக்கலானவை. கவுன்டி, நகரம், பள்ளி மாவட்டம், குடிநீருக்கும் தீயணைப்புக்கும் தனித்தனி மாவட்டங்கள் என்று அங்கே சுமார் 90,000 உள்ளாட்சி அமைப்புகள் இருக்கின்றன. ஆனால், பள்ளி வாரிய உறுப்பினர்களைப் பெரும்பாலான இடங்களில் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பல குடிநீர் மாவட்டங்களின் இயக்குநர்களும் தேர்தலில் நின்று வருபவர்கள். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில், கட்டும் சொத்து வரியோடு எந்தெந்த அமைப்புக்கு எவ்வளவு கட்டணம் சேர்கிறது என்று ரசீதிலேயே வரி வரியாக அச்சிடுகிறார்கள். பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால், யாரைக் கேட்பது என்றும் தெரியும்.

சட்டப்படி அங்கேயும் உள்ளாட்சி பலவீனமான பிள்ளைதான். அமெரிக்க அரசமைப்பில் உள்ளாட்சி பற்றி ஒரு சொல்கூட இல்லை. நகராட்சிகள் மாநிலச் சட்டமன்றம் படைத்தவை. அது கொடுத்த அதிகாரம் மட்டுமே அவற்றுக்கு உண்டு என்று அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் 1868-ல் தீர்ப்பெழுதினார். அதற்கு எதிர்வினையாக, தங்கள் நகரச் சாசனத்தைத் தாங்களே எழுதிக்கொள்ளும் உரிமையை நகரங்கள் கேட்டன. 1875-ல் மிசௌரி மாநிலம் தன் அரசமைப்பிலேயே அந்த உரிமைக்கு இடம் கொடுத்தது. மறு ஆண்டே செயின்ட் லூயிஸ் நகரம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. பிறகு பெரும்பாலான மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் அதைப் பின்பற்றின.

அந்த உரிமையை மாநில அரசு பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரம் சாட்சி. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, அந்நகரத்தை மாநில அரசு நியமித்த அவசரகால நிர்வாகிகளிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு வழிசெய்த சட்டத்தை 2012-ல் மிச்சிகன் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். சட்டமன்றம் அடுத்த சில வாரங்களிலேயே வேறொரு சட்டம் இயற்றியது. 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க பிளின்ட் ஆற்று நீரைக் குழாயில் விட்டார்கள். அரிப்பைத் தடுக்கும் சிகிச்சை செய்யாததால் பழைய குழாய்களின் ஈயம் குடிநீரில் கலந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது. பழையபடி டெட்ராய்ட் நீருக்கே திரும்ப வேண்டும் என்று 2015 மார்ச்சில் நகர மன்றம் தீர்மானம் போட்டது. நிர்வாகி அதை ஏற்கவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. முடிவெடுத்தவர் அந்த மக்களின் வாக்குக்குக் கட்டுப்பட்டவர் இல்லை.

கவுன்சிலர் இல்லாத காலம்

நம் நிலை என்ன? 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசமைப்புத் திருத்தம், ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தலைக் கட்டாயமாக்கியது. நகர்ப்புற உள்ளாட்சிக்குத் தரத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. குடிநீரும் நகரமைப்பும் அதில் உண்டு. ஆனால், தருவதா வேண்டாமா என்பதை மாநிலத்திடமே விட்டது. சென்னையில் நகரமைப்பு பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும், குடிநீர் 1978 முதல் வாரியத்திடமும் இருக்கின்றன. வாரியத்தின் தலைவர் அமைச்சர். மேலாண்மை இயக்குநர் ஐ.ஏ.எஸ். அதிகாரி.

கட்டாயமான தேர்தலும் தவறியது. 2016 அக்டோபரில் நகர மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தனி அலுவலர்களின் ஆட்சி. அந்த இடைவெளியில், 2019 ஜூனில்தான் ஆவடி மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. தன் ஊரின் தலையெழுத்தை மாற்றும் அந்த முடிவைப் பற்றி மன்றத்தில் எழுந்து பேச, ஆவடியில் அன்று ஒரு கவுன்சிலர்கூட இல்லை. சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்ததும் அதே ஜூனில்தான். செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்திலேயே இருந்தும் பூந்தமல்லிக்காரர்களுக்குக் கேள்வி கேட்க நகர்மன்றம் இல்லை.

இப்போது பூந்தமல்லி, திருவேற்காடு போன்ற நகராட்சிகளை ஆவடியோடு இணைக்கும் பேச்சு எழுந்திருக்கிறது. இணைப்பே தவறு என்று சொல்ல முடியாது. வெள்ளம் நகராட்சி எல்லை பார்த்து வருவதில்லை. பெரிய வடிகாலுக்குப் பெரிய நிதி வேண்டும். சிறு சிறு அமைப்புகளாகச் சிதறிக் கிடப்பதன் தீமையையும் அமெரிக்காவே காட்டுகிறது: உள்ளூர்ச் சொத்து வரியை நம்பிய பள்ளிகள், வசதியான புறநகரில் செழிக்கின்றன, ஏழைப் பகுதியில் தவிக்கின்றன. ஆனால், தனி நகர்மன்றமும் தலைவரும் வைத்திருந்த அம்பத்தூர் இன்று சென்னையின் 200 வார்டுகளில் 15 மட்டுமே. எல்லையைப் பெரிதாக்கும்போது குடிமகனின் குரல் சிறுத்துவிடாமல் காக்கும் ஏற்பாடும் கூடவே வர வேண்டும்.

அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் தமிழ்நாட்டில் விதிகள் இருக்கின்றன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் கூடவும் செய்தன. அவை தவறாமல் கூட வேண்டும். குடிநீர் வாரியம், நீர்வளம், மாசுக் கட்டுப்பாடு ஆகியவற்றின் பகுதிப் பொறியாளர்கள் அங்கே நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். அங்கே எழுந்த கோரிக்கையும் அதற்கான பதிலும் வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். எந்த இணைப்புக்கும் முன்பாக, சம்பந்தப்பட்ட நகர்மன்றங்களின் தீர்மானமும் பகுதி சபைகளின் கருத்தும் கட்டாயமாக வேண்டும்.

2022-ல் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு, 2027 மார்ச்சுடன் நிறைவடையும். வார்டு மறுவரையறை, வழக்கு, இணைப்பு என்று எந்தக் காரணமும் அடுத்த தேர்தலைத் தள்ளிப்போட இடம் தரக் கூடாது. மாநில சுயாட்சிக்காக அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குரல் கொடுத்துவரும் தமிழ்நாடு, டெல்லியிடம் கேட்கும் நியாயத்தை ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் வழங்கியாக வேண்டும்.