ஊசியில்லா மரப்பு மருந்து அபாயமா?

குழந்தைகளுக்கு இரத்தம் எடுக்கவேண்டுமென்றால் கையை ஒருவர், காலை ஒருவர், தலையை ஒருவர் என்று அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஊசியைக் குத்துவது அநேகமாக எல்லாத் தேசங்களிலும் நடந்துவருகிற காரியமேயாகும். குழந்தை அலறினால், "ஒரு குத்துத்தானே, உடனே மறந்துவிடும்" என்று பெரியவர்கள் சொல்லிக்கொள்ளுகிறார்கள். இந்தச் சமாதானம் குத்துப்படுகிற குழந்தைக்கா, அல்லது பிடித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கா என்று கேட்கின்றோம்.

இந்த வலியைத் தடுப்பதற்காக அமெரிக்காவில் குழந்தைகளுக்கு வைத்தியம் செய்யும் பல ஆஸ்பத்திரிகளில் ஜே-டிப் என்னும் ஒரு சிறு கருவியை உபயோகித்து வருகிறார்கள். அதில் ஊசி கிடையாது. கரியமிலவாயுவை அழுத்தி அதற்குள் அடைத்திருக்கிறார்கள். தோலின்மேல் வைத்து அமுக்கினால், அந்த வாயுவின் வேகத்தில் லிடோகேயின் என்னும் மரப்பு மருந்து மெல்லிய தாரையாகத் தோலுக்குள் பாய்ந்துவிடுகின்றது. ஒன்றிரண்டு நிமிஷத்தில் அவ்விடம் மரத்துப்போகின்றது. பிறகு குத்தும் ஊசியின் வலி வெகுவாகக் குறைந்துவிடுகின்றது. இதல்லாமல் எம்லா என்னும் பூச்சு மருந்தும் உண்டு. ஆனால் அதைத் தடவிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கவேண்டும். அன்றியும் அதிலுள்ள பிரிலோகேயின் என்னும் சரக்கு, கைக்குழந்தைகளுக்கு அளவு மிஞ்சினால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்துவிடக்கூடியது.

நிற்க, ஊசியில்லாமல் மருந்து உள்ளே போவதென்றால் தோல் கிழியாதா, மருந்து இருதயத்தைத் தாக்காதா என்று சிலர் கேட்கலாம். தாராளமாகக் கேட்கட்டும். புதிது என்பதற்காகவே ஒன்றைக் கும்பிடுவதும், புதிது என்பதற்காகவே அதைக் கண்டு ஓடுவதும் நமக்கு ஒன்றுபோலத்தான் தோன்றுகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

லிடோகேயின் மந்திரத்தில் வந்த மருந்தல்ல. 1943-ம் வருஷத்தில் சுவீடன் தேசத்து ரசாயன நிபுணர் நீல்ஸ் லோஃப்கிரென் என்பவர் செய்தது. பிற்பாடு அது பல் பிடுங்குவதற்கும் புண் தைப்பதற்கும் உலகமெல்லாம் வழங்கிவருகின்றது. அளவு மிஞ்சி இரத்தத்தில் கலந்தால் வலிப்பும் இருதயக் கோளாறும் உண்டாகும் என்பது உண்மையே. ஆனால் எவ்வளவு மிஞ்சினால்? வைத்தியர்கள் வைத்திருக்கும் மேல் வரம்பு உடல் எடையில் கிலோ ஒன்றுக்குச் சுமார் 4.5 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 45 மில்லிகிராம் ஆகிறது. இந்தக் கருவி ஒரு தடவையில் செலுத்துவதோ 1 சதவிகித மருந்தில் 0.2 மில்லிலிட்டர், அதாவது 2 மில்லிகிராம். வரம்பில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

தோலுக்கு வருவது என்னவென்றால், சிறிது சிவப்பு, சில சமயம் ஒரு பொட்டு இரத்தம், கொஞ்சம் கன்றிப்போதல், இவ்வளவே. லிடோகேயின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது கூடாது. புண்ணாகவோ சீழ் பிடித்தோ இருக்கும் தோலிலும் கூடாது. இரத்தம் எளிதில் உறையாத வியாதியுள்ளவர்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிடவேண்டும்.

ஆனால் இந்தப் பயத்துக்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறதென்பதை மறைப்பது யோக்கியமாகாது. முன்காலத்தில் பட்டாளத்தாருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அம்மை முதலியவற்றுக்கு மருந்து செலுத்த, துப்பாக்கி போன்ற ஊசியில்லாக் கருவிகளை உபயோகித்தார்கள். ஒரே முனையை வரிசையாக ஒருவர் மாற்றி ஒருவருக்கு வைத்தார்கள். 1984, 1985-ம் வருஷங்களில் கலிபோர்னியாவில் உடல் இளைப்பதற்கு வைத்தியம் செய்த ஒரு நிலையத்தில் இப்படிப்பட்ட கருவி ஒன்றினால் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ்-பி நோய் பலருக்குத் தொற்றிற்று. 1997-ல் அமெரிக்க ராணுவமே அம்மாதிரிக் கருவிகளைக் கைவிட்டது. ஊசி இல்லாததால் வந்த கேடா இது? ஒருவர் இரத்தம் பட்ட முனையை மற்றொருவர் தோலில் வைத்ததால் வந்த கேடு. ஜே-டிப் ஒருவருக்கு ஒரு தடவை உபயோகித்து எறிந்துவிட வேண்டியது. எந்த ஆஸ்பத்திரியாவது செலவை மிச்சம் பிடிப்பதாக நினைத்து அதை இரண்டாவது ஆளுக்கு வைக்குமானால் பழைய அபாயம் அப்படியே திரும்பி வந்துவிடும். ஆகவே பெற்றோர்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "இது புதிதாகப் பிரித்ததா?" என்பதுதான்.

இனி, "இவ்வளவு சிறு வலிக்கு இவ்வளவு ஏற்பாடா?" என்பவர்களைப் பற்றி. 1847-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ஸன் என்ற வைத்தியர் பிரசவ வேதனைக்குக் குளோரோபாரம் கொடுத்தபோது, பெண் வேதனைப்பட்டே பெறவேண்டும் என்று வேதத்தில் இருக்கிறதே என்ற ஆட்சேபணைக்கு அவர் தனிப் புத்தகமே எழுதிப் பதில் சொல்லவேண்டியிருந்தது. வேதக்காரர்கள் மாத்திரந்தான் இப்படியென்று நாம் இறுமாந்துகொள்ள வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது என்று படித்த வைத்தியர்களே நம்பி, போதிய மயக்க மருந்து கொடுக்காமல் அறுத்த வழக்கம் 1980-களிலும் இருந்தது. 1987-ல் ஆக்ஸ்போர்டில் ஆனந்த் என்பவரும் அவரது கூட்டாளிகளும், குறைமாதக் குழந்தைகளில் வலி மருந்து கொடுத்து அறுத்தவர்களையும் கொடுக்காமல் அறுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, கொடுக்கப்பட்டவர்களுக்கே பின்தொல்லைகள் குறைவு என்று காட்டினார்கள். பேசத் தெரியாததன் வலியை எவ்வளவு சுலபமாக இல்லையென்று சொல்லிவிட முடிகிறது பாருங்கள்!

இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கு ஒரு குத்தோடு முடிவதில்லை, மாதக்கணக்கில் குத்து. ஊசிக்குப் பயந்தே வளர்ந்தவர்கள் பின்னால் தடுப்பூசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகாமல் ஒளிகிறார்கள். கருவியின் விலையைச் சொல்லுகிறவர்கள் இந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுகிறார்களோ தெரியவில்லை.

ஒரு சங்கதி மாத்திரம் பாக்கி. இந்தக் கருவி, சோடா புட்டி திறந்தாற்போல் சப்தம் போடும். மருந்து வலிக்காவிட்டாலும், திடீரென்று கேட்டால் குழந்தை மிரண்டு கையை இழுத்துக்கொள்ளும். அனுபவமுள்ள தாதிகள், இப்படித்தான் சப்தம் வரும் என்று குழந்தையிடம் முதலிலேயே சொல்லிக் காட்டிவிட்டு, பிறகுதான் கையைத் தொடுகிறார்கள்.