பட்டினி போடுவது சங்கமா?

"சங்கத்துக்காரன் பேச்சைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தால் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினிதான்." டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை இந்தப் பேச்சு அடிபடுகிறது. இதில் மூன்று வாதங்கள் அடங்கியிருக்கின்றன, மூன்றும் நிற்காது.

முதலாவது, பட்டினியைக் கொண்டுவருவதே வேலைநிறுத்தம்தான் என்பது. 1889இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்துமுன் வாங்கிய கூலி மணிக்கு 5 பென்ஸ். ஆளெடுப்பதும் மணிக்கணக்கில்தான். வெறும் வயிற்றோடு வருகிறார்கள், ஒரு மணி நேரம் வேலை செய்ததும் 5 பென்ஸை வாங்கிக்கொண்டு சாப்பிடப் போய்விடுகிறார்கள் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னவர் சங்கத் தலைவர் அல்லர். மில்வால் துறைமுகத்தின் மேலாளர்! பட்டினி வேலையிலேயே இருந்தது.

இரண்டாவது, வயிறு காய்ந்தால் தானாகத் திரும்பிவிடுவார்கள் என்பது. லண்டன் முதலாளிகளும் அதைத்தான் நம்பினார்கள். சங்கமோ ஒரு ஷில்லிங் உணவுச் சீட்டுகளைக் கொடுத்தது. கடையில் நீட்டினால் சாமான் கிடைக்கும். கையிருப்பு கரைந்தபோது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்த பணம் மொத்தம் சுமார் 30,000 பவுண்டு. ஏறக்குறைய ஐந்து வாரத்தில் மணிக்கு 6 பென்ஸ் தர முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள்.

எல்லா ஊரிலும் இப்படி முடியவில்லைதான். 1913இல் டப்ளினில், சங்கத்தை விட்டு விலகுவதாகக் கையெழுத்துப் போட மறுத்தவர்களுக்கு ஆலைக் கதவுகள் சாத்தப்பட்டன. சங்கக் கட்டடத்திலேயே கஞ்சித்தொட்டி நடந்தது. பிரிட்டிஷ் சங்கங்கள் கப்பலில் உணவு அனுப்பின. 1914 தொடக்கத்தில் அந்த உதவி வற்றியது. தொழிலாளர்கள் தோற்றுத் திரும்பினார்கள். இது சங்கத்துக்கு எதிரான சான்றா? உலை அணைந்தால் போராட்டமும் அணையும் என்பதற்கல்லவா சான்று!

மூன்றாவது, ஊரார் தருவது பிச்சை என்பது. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள்; ஊர் நிதி கொடுத்தது. போராட்டத்துக்கு எதிரானவர்களுக்குச் சவரம் செய்ய நாவிதர்கள் மறுத்தார்கள். பிச்சை போடுகிறவர் தன் பிழைப்பையும் விட்டுக்கொடுப்பாரா? அது பங்காளியின் பங்கு. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன.

ஆகவே சங்கங்கள் கொடியேற்றும் நாளிலேயே அரிசிக்கும் வழி செய்துவிட வேண்டும். துண்டேந்தி வசூலுக்கு வரும் தொழிலாளியிடம் நாம் புத்திமதி சொல்ல வேண்டாம். கையில் இருப்பதைப் போடுவோம்.