விறகே கூலியாகலாமா?

வீட்டுத் தோட்டத்து மரத்தைப் பற்றிக் கூட்டுறவுப் பத்திரிகையில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியே இதை எழுதத் தூண்டிற்று.

நகரத்தை ஒட்டிய ஒரு வீட்டு வசதிச் சங்கக் குடியிருப்புக்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தோம். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மனை பிரித்து வீடு கட்டிய இடம் அது. அன்று இடுப்பளவுக் கன்றாக வைத்த வேம்பும் மாவும் தூங்குமூஞ்சியும் மயிற்கொன்றையும் இன்று மாடியைத் தாண்டி நிற்கின்றன. மழைக்காலத்துக்கு முன் எல்லா வீட்டுத் தோட்டங்களிலும் கிளை கழிப்பதற்குச் சங்கமே ஒரே ஏற்பாடாக ஆட்களை அமர்த்தியிருந்தது. நாம் அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கையில் வெளியே பேரோசை கேட்டது. ஓடிச் சென்று பார்த்தோம். வேம்பின் மேல் ஏறியிருந்த தொழிலாளி ஒருவரை, அவர் வெட்டிய கிளையே திரும்பி அடித்துக் கீழே தள்ளியிருந்தது. இடுப்பில் கயிறு இல்லை. தலையில் கவசம் இல்லை. உயிர் தப்பியது தெய்வச் செயல். தொடை எலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார்.

மருத்துவமனையில் அவரைப் பார்த்தபோது, என்ன கூலி பேசியிருந்தார் என்று விசாரித்தோம். “கூலி ஏது ஐயா? வேலை அவர்களுக்கு, விறகு எங்களுக்கு. விறகை விற்றால்தான் எங்களுக்குச் சோறு” என்றார். கூரைமேல் சாய்ந்த சிறு கிளைகளை மட்டும் கழிக்கச் சொல்லியிருக்க, தாய்க்கிளையில் ஏன் கை வைத்தீர்கள் என்றோம். “சுள்ளியை யார் ஐயா வாங்குவார்கள்? கனத்த கட்டையாக இருந்தால்தானே எடை நிற்கும்?” என்றார்.

அந்தப் பதிலில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் அது நம்மைத் தலைகுனிய வைத்தது. ஏனெனில், அதற்கு முந்திய ஆண்டின் கணக்கில் “மரம் கழித்த வகையில் செலவு இல்லை” என்று எழுதியிருந்ததைக் கண்டு, சிக்கனமான நிர்வாகம் என்று அறிக்கையில் பாராட்டி எழுதியவர் நாமே. அந்தச் செலவைச் சங்கம் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. செலவே இல்லை என்பது உண்மையன்று. ஒரு பாதியை மரம் கொடுத்தது. மறுபாதியைத் தொழிலாளி தம் காலால் கொடுத்தார்.

நெசவாளி அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘உனக்குக் கூலி கிடையாது, மிச்சப்படும் நூலை எடுத்துக்கொள்’ என்று ஒருவர் தறிகாரரிடம் சொன்னால் சேலை என்னவாகும்? ஊடை குறையும், துணி சல்லடையாகும். குற்றம் தறிகாரருடையதா, அப்படிப் பேசிக் கொடுத்தவருடையதா? மரத்தின் கதையும் அதுவே. எவ்வளவு அதிகம் வெட்டுகிறாரோ அவ்வளவு ஊதியம் என்று ஏற்பாடு செய்துவிட்டு, குறைவாக வெட்டு என்று வாயால் சொல்வதில் பயனில்லை.

கிளை கழிப்பது அரிவாள் பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யும் வேலை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. முசுக்கொட்டையும் கொய்யாவும் பயிரிடும் அன்பர்கள் கவாத்தின் அருமையை அறிவார்கள். எந்தக் கணுவில், எந்தப் பருவத்தில், எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் விளைச்சலே இருக்கிறது. தோட்டத்துப் பெருமரத்திற்கும் அவ்வாறே ஒரு முறை உண்டு.

அமெரிக்க நாட்டு வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற அறிஞர், ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து ஒரு பேருண்மையை வெளியிட்டார். நம் உடம்பில் புண் ஆறுவதைப் போல மரத்தில் ஆறுவதில்லை. புண்பட்ட பகுதியைச் சுற்றி மரம் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்து வைக்கிறது. அதன்மேல் புதுக்கட்டை வளர்ந்து மூடுகிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்த ஒரு வளையம் தெரியும். தடுப்பு எழுப்பும் ஆற்றல் அங்கேதான் மிகுதி. வெட்டு அந்த வளையத்துக்கு வெளியே, அதை ஒட்டி விழ வேண்டும். தண்டோடு தண்டாக வழித்து வெட்டினால் வளையம் போய் அழுகல் உள்ளே நுழையும். முழ நீளக் குச்சியாக விட்டாலும் அக்குச்சி பட்டு, அதன் வழியே அழுகல் இறங்கும். வெட்டுவாயில் தாரோ சாயமோ பூசினால் அழுகல் நிற்கும் என்ற நம்பிக்கையும் ஆராய்ச்சியில் நிலைக்கவில்லை.

கனத்த கிளையை ஒரே வெட்டில் வீழ்த்தலாகாது. தண்டிலிருந்து ஓரடி தள்ளி முதலில் அடிப்புறத்தில் ஒரு வெட்டு. அதற்குச் சற்று அப்பால் மேற்புறத்தில் இரண்டாம் வெட்டு. கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். எஞ்சிய துண்டை வளையத்தருகே மூன்றாம் வெட்டால் எடுக்க வேண்டும். கீழே ஆளோ கூரையோ இருக்குமாயின், கிளையைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்க வேண்டும்.

இவற்றை விட்டு நாம் செய்வது மொட்டையடித்தல். இலைதான் மரத்தின் அடுக்களை. தலை முழுவதையும் வெட்டிவிட்டால், பசித்த மரம் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் போத்து விடுகிறது. அப்போத்துகள் மேற்கட்டையில் மட்டுமே ஒட்டியிருப்பவை. தாய்க்கிளையைப் போல உள்ளே வேர்கொண்டவையல்ல. சில ஆண்டுகளில் அவை கனத்து நீள்கின்றன. அடியில் பழைய வெட்டுவாய் அழுகிக்கொண்டிருக்கிறது. அடுத்த பெருங்காற்றில் முறிந்து விழுபவை அவையே. ஆபத்தைப் போக்குவதாக எண்ணி ஆபத்தைப் பயிரிடுகிறோம்.

வேரின் நிலையும் எண்ணத்தக்கது. பெருமரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே, கிளைப்பரப்புக்கு வெளியேயும் படர்கிறது. காம்பவுண்டுச் சுவருக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் பள்ளம் தோண்டுகையில் ஒருபுறத்து வேரை அறுத்துவிட்டு, அடிமரம் வரை சிமெண்டும் பூசுகிறோம். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மயிற்கொன்றை, பெருங்கொன்றை போன்ற அயல்நாட்டு மரங்கள் அவற்றில் மிகுதி. பழி முழுவதும் காற்றின் மேல் விழுந்தது. வேரை அறுத்த கடப்பாரையை எவரும் கேட்கவில்லை. 2013-ஆம் ஆண்டிலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம், தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்றுமாறு ஆணையிட்டது. அந்த ஒரு மீட்டர் மண்ணை நாம் ஆணைக்குக் காத்திராமல் விட்டு வைக்கலாம்.

மரத்தை வெட்டவே கூடாது என்பது நம் கட்சியன்று. அடியில் கட்டைக் காளான் பூத்த மரம், திடீரெனச் சாய்ந்து ஒருபுறம் மண் வெடித்த மரம், தட்டினால் பானைபோல் ஒலிக்கும் உட்பொள்ளல் கொண்ட மரம் ஆகியவற்றைக் காலந்தாழ்த்தாமல் சோதிக்க வேண்டும். காப்பாற்ற வழியில்லாவிடில், குழந்தைகள் விளையாடும் தோட்டத்தில் இரக்கம் பார்த்து நிறுத்தி வைப்பது பாவம். ஆனால் ‘இது போக வேண்டிய மரம்’ என்று தீர்ப்புச் சொல்பவர், அதன் விறகால் ஆதாயம் அடைபவராக இருக்கலாகாது. கணக்கு எழுதுபவரே தணிக்கை செய்யலாகாது என்பது நம் இயக்கத்தின் பாலபாடம். அப்பாடம் மரத்துக்கும் பொருந்தும்.

ஆகவே, வீட்டு வசதிச் சங்கங்களும் குடியிருப்புகள் கொண்ட நெசவாளர் சங்கங்களும் வரும் மகாசபைக் கூட்டத்தில் சில தீர்மானங்களை நிறைவேற்ற வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

முதலாவது, மரப் பதிவேடு. நாற்காலிக்கும் மேசைக்கும் எண் போட்டு இருப்புக் கணக்கில் ஏற்றுகிறோம். மரத்துக்கு எண் இல்லை. வகை, சுற்றளவு, காணும் குறை, கடைசியாகக் கழித்த நாள் ஆகியவற்றைப் பதிந்து, ஆண்டுதோறும் ஆடியில் ஒருமுறை தெரிந்தவரைக் கொண்டு பார்வையிடச் செய்யலாம். ஓராண்டில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இலைப்பரப்பைக் கழிப்பதில்லை என்பதையும் விதியாக்கலாம்.

இரண்டாவது, கூலி வேறு, விறகு வேறு. தொழிலாளிக்கு நாட்கூலி பணமாகக் கொடுக்கப்பட வேண்டும். விறகைச் சங்கம் பகிரங்க ஏலத்தில் விற்று மரநிதியில் சேர்க்கட்டும். வேம்பு, புங்கந் தழைகளைப் பயிரிடும் அங்கத்தினர்கள் தழையுரமாக எடுத்துச் செல்லட்டும்.

மூன்றாவது, கயிறும் இடைவாரும் தலைக்கவசமும் இன்ஷூரன்சும் இல்லாமல் எவரையும் மரத்தில் ஏற்றலாகாது. மின்கம்பி அருகில் இருந்தால், மின்வாரியத்தார் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை அரிவாளைத் தொடலாகாது. அகற்றிய ஒவ்வொரு மரத்துக்கும் ஈடாக இடத்துக்கேற்ற பூவரசோ புன்னையோ மகிழோ இரண்டு கன்றுகள் வைக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் தேர்ந்த ஆள் எங்கே என்று கேட்கலாம். ஆள் இருக்கிறார்கள், அமைப்புத்தான் இல்லை. தென்னை ஏற ஆளில்லை என்ற குறை வந்தபோது, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ஆம் ஆண்டில் கேரளத்தில் ‘தென்னை மர நண்பர்கள்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, கருவி கொண்டு ஏறவும் மரத்தைப் பேணவும் இளைஞர்களைப் பழக்கிற்று. அதே நாட்டில் வடகரைக்கு அருகில் 1925-ஆம் ஆண்டில் கூலித் தொழிலாளர் சிலர் கூடித் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் இன்று நெடுஞ்சாலைகளும் பாலங்களும் கட்டுகிறது. மரம் ஏறும் தொழிலாளர் மட்டும் ஏன் சங்கமாகக் கூடலாகாது? ஒரு நகரத்துக்கு ஒரு சங்கம் போதும். கருவிகள் சங்கத்தினுடையவை, பயிற்சி பொதுவானது, வீட்டு வசதிச் சங்கங்கள் ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டால் வேலைக்கும் குறைவிராது.

செலவாகுமே என்பார்கள். ஆகும். மாடியின்மேல் ஒரு கிளை விழுந்தால் ஆகும் செலவையும், தூணாய் நின்ற ஒரு குடும்பத்தலைவர் விழுந்தால் ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும்.

அந்த வேம்பு இன்று ஒருபுறம் மொட்டையாக நிற்கிறது. தொழிலாளி மீண்டும் நடக்கிறார், மரம் ஏறுவதில்லை. அடுத்த ஆய்வுக்குச் செல்லும்போது, “மரம் கழித்த வகையில்” என்ற வரிக்கு நேரே ஒரு தொகை எழுதப்பட்டிருப்பதைக் காண விரும்புகிறோம். அதைச் சிக்கனக் குறைவு என்று இனி எழுதமாட்டோம்.